ஏரவாடாவில் சரிகமபதநி

1930-ஆம் ஆண்டு மே மாதம். உப்பு எடுத்த குற்றத்துக்காக நள்ளிரவில் எழுப்பிக் கைது செய்யப்பட்ட காந்தி, விசாரணை ஏதுமின்றி 1827-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றின்படி புனேயின் ஏரவாடா சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கு அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ராட்டையில் நூல் நூற்றார். எங்கும் எடுத்துச்செல்லக்கூடிய சின்னப் பெட்டி ராட்டை ஒன்றை உருவாக்குவதில் மூளையைச் செலவிட்டார் (அதற்கு 'ஏரவாடா சக்கரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது). செவ்வாய்க்கிழமைதோறும் சபர்மதி ஆசிரமத்துக்கு விரதங்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். சிறையை அவர் கோயில் என்றுதான் குறிப்பிட்டார். இவற்றுக்கு நடுவே யாரும் அதிகம் பேசாத ஒரு காரியத்தையும் செய்துவந்தார். ஆசிரமத்தில் பாடப்படும் பஜனைப் பாடல்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஒரே ஒரு வாசகிக்காகத்தான் அந்த மொழிபெயர்ப்பு. அவர் மீராபென். பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஒருவரின் மகளாகப் பிறந்த மேடலின் ஸ்லேட். காந்தியிடம் வருவதற்கு முன் அவருடைய தெய்வம் பீத்தோவன். பீத்தோவன் மீதிருந்த பித்தினால்தான் அந்த இசைமேதையைப் பற்றி நிறைய எழுதியிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தைத் தேடிப்போனார். ரோலந்து, தான் காந்தியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருப்பதாகச் சொல்ல, அதைப் படித்துவிட்டு 1925 நவம்பரில் சபர்மதிக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பாவின் ஆகச் சிறந்த இசையில் ஊறிய காது. ஆனால் ஆசிரமத்தின் காலைப் பிரார்த்தனையில் அந்தக் காது ஒரு குழந்தையின் காதுதான்.

பாட்டின் பொருளைக் காந்தி கடிதத்தில் எழுதி அனுப்ப முடிந்தது. பாட்டின் மேலே அச்சிட்டிருந்த ராகத்தின் பெயரை? அதை எந்த மொழியில் பெயர்ப்பது? இசையை ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள்ள உட்காரும் எவரும், எந்த வயதிலும், இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

காந்திக்கே இதில் அனுபவம் உண்டு. 1888-ல் பத்தொன்பது வயதுப் பையனாக லண்டனில் இறங்கி, ஆங்கிலக் கனவானாகிவிடத் துடித்த நாட்களில், மேற்கத்திய இசைக்குக் காதைப் பழக்க வேண்டும் என்று மூன்று பவுன் கொடுத்து ஒரு வயலின் வாங்கினார். ஆசிரியைக்குத் தனியாகக் கட்டணம். நடனம், பேச்சுக்கலை, பிரெஞ்சு என்ற பட்டியலில் அதுவும் ஒன்று. சுமார் மூன்று மாதத்தில் மோகம் தெளிந்தது. வயலினைக் கிடைத்த விலைக்கு விற்றுத்தரும்படி அந்த ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். மூன்று மாதத்தில் நின்றுபோகும் இசை வகுப்பு என்பது, ஆக, நம் வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்த விஷயமல்ல.

ஆனால் ஆசிரமம் என்று ஒன்றை ஆரம்பித்தபோது அவர் இசையை விட்டுவிடவில்லை. லாகூரில் 1901-ல் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கிய விஷ்ணு திகம்பர் பலூஸ்கரிடம் ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார். வந்து சேர்ந்தவர் பண்டித நாராயண் மோரேஷ்வர் கரே. ஆசிரம பஜனாவளியைத் தொகுத்தவர் இவர்தான். தண்டி யாத்திரையில் காந்தியுடன் நடந்தவர்களில் ஒருவர். பாடத் தெரியாத நெசவாளிகள், தோட்டக்காரர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துச் சுருதி சேர்க்கும் வேலை கரேயுடையது. 1938-ல் மறையும்வரை அதைச் செய்தார். 1932-ல் மறுபடி ஏரவாடாவில் அடைக்கப்பட்டபோது ஆசிரமத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கிய காந்தி, பிரார்த்தனையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் கரேயை நன்றியோடு நினைவுகூர்கிறார். வரலாறு என்னவோ முடிக்கப்படாமலே நின்றுவிட்டது.

அதே 1932-ல் இசைக்காரர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு சம்பவம் அதே சிறை வளாகத்தில் நடந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி என்ற ஏற்பாட்டை எதிர்த்துக் காந்தி உண்ணாவிரதம் இருக்க, அம்பேத்கருடன் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். அந்த ஒப்பந்தத்தின் நியாய அநியாயம் இன்றுவரை தீராத வழக்கு. செப்டம்பர் 26 அன்று உண்ணாவிரதம் முடிந்தபோது தாகூர் பக்கத்தில் இருந்தார். கீதாஞ்சலிப் பாடல் ஒன்றைப் பாடினார். பாடும்போதுதான் தெரிந்தது, தானே அமைத்த மெட்டு அவருக்கு மறந்துபோயிருந்தது. வாயில் வந்த மெட்டில் பாடி முடித்தார். தாகூருக்கு இது புதிதல்ல. மெட்டுப் போட்ட சூட்டோடு மறந்துவிடுவார் என்பதால், அவருடைய பாடல்களுக்குச் சுரம் எழுதி வைப்பதையே உறவினரான தினேந்திரநாத் தாகூர் தம் வேலையாக வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுரக்குறிப்பு இருந்ததால்தான் ரவீந்திர சங்கீதம் இன்று ரவீந்திர சங்கீதமாக இருக்கிறது.

சுரம் எழுதத் தெரிவது எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது கடினம்.

இன்றைய ஏரவாடாவுக்கு வருவோம். சிறை அப்படியேதான் இருக்கிறது. சுற்றிலும் ஊர் மாறிவிட்டது. ஆற்றோரக் காடாக இருந்த இடங்களில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். கல்யாணி நகர், கராடி, விமான் நகர் என்று நகர் சாலை நெடுகக் குடியிருப்புகள். முன்பு புனேத் தமிழன் என்றால் ராணுவம் அல்லது கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை. இன்று அடுக்குமாடி லிஃப்டில் தமிழ் கேட்பது சகஜம். இந்த வீடுகளில் பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் ஒரு சிக்கல் முளைக்கிறது. பாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருப்பது ஹிந்துஸ்தானி வகுப்பு. ஊரிலிருக்கும் பாட்டியோ தொலைபேசியில் சரளி வரிசை கேட்கிறாள். எதில் சேர்ப்பது? இரண்டிலும் சேர்த்தால் குழம்பிவிடாதா?

குழம்பத்தான் செய்யும், அடிப்படை தெரியாவிட்டால். தெரிந்துவிட்டால் இதைவிட சுவாரசியமான குழப்பம் வேறில்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிடும். நம்மூர் ஆசிரியர் 'உனக்கு என்ன கட்டை?' என்று கேட்பார். மராட்டி ஆசிரியர் 'காளி ஏக்கா, பாண்டரி சாரா?' என்பார். கறுப்பு ஒன்றா, வெள்ளை நாலா என்று அர்த்தம். இரண்டும் ஒரே ஹார்மோனியத்தின் கட்டைகள்தான். அவருடைய வெள்ளை நாலு நம் நாலு கட்டை. அவருடைய கறுப்பு ஒன்று நம் ஒன்றரைக் கட்டை. இதில் பெரிய தத்துவம் ஒன்று மறைந்திருக்கிறது. நம் 'ஸ' எந்தக் கட்டையிலும் இருக்கலாம். மேற்கத்தியரின் 'சி' ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அறையப்பட்ட ஆணி. நம் ஸட்ஜம் பாடுகிறவரின் தொண்டையைப் பொறுத்து இறங்கும், ஏறும். ஆனால் அதை வைத்த பிறகு, மற்ற எல்லாச் சுரங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. தம்பூரா ஓயாமல் ஒலிப்பது இதற்காகத்தான். மீராபென் போன்ற ஒரு காது முதலில் தடுமாறியிருக்கக்கூடிய இடமும் இதுதான். பீத்தோவனின் இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்காக ஒலிக்கும், அடுக்கு நகரும், ஆதாரமே இடம் மாறும். இங்கே ஆதாரம் அசையாது. ஒற்றைக் குரல்தான் நகரும்.

அடுத்தது பன்னிரண்டு. ஸ முதல் மேல் ஸ வரையிலான தூரத்தில் பன்னிரண்டு இடங்கள். இதில் கர்நாடகம், ஹிந்துஸ்தானி, ஐரோப்பா மூன்றும் ஒன்றுதான். ஸவும் பவும் மாறாதவை. ரி, க, ம, த, நி ஐந்துக்கும் இரண்டிரண்டு என்று ஹிந்துஸ்தானி கணக்கு வைக்கிறது. கோமளம், சுத்தம், மத்தியமத்துக்கு மட்டும் தீவிரம். கர்நாடகமோ அதே பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர் வைத்திருக்கிறது. ஒரே இடம் ஒரு ராகத்தில் ரிஷபமாகவும் இன்னொன்றில் காந்தாரமாகவும் வரும். சம்பந்தி வீட்டில் ஒரே ஆள் ஒருவருக்கு மாமாவாகவும் இன்னொருவருக்குச் சித்தப்பாவாகவும் இருப்பதைப்போல. இந்த உறவுமுறை தமிழனுக்குப் புரியாதா என்ன?

இந்தப் பதினாறு பெயர்களிலிருந்துதான் எழுபத்திரண்டு பிறக்கிறது. பிள்ளைகளை மிரட்டும் அந்த மேளகர்த்தா அட்டவணை உண்மையில் ஒரு சின்னக் கணக்கு. ஸவுக்கும் மவுக்கும் நடுவே நான்கு இடங்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. பவுக்கும் மேல் ஸவுக்கும் நடுவிலும் நான்கு இடங்கள், ஆறு வழி. ஆறும் ஆறும் பெருக்க முப்பத்தாறு. சுத்த மத்தியமத்தோடு முப்பத்தாறு, பிரதி மத்தியமத்தோடு முப்பத்தாறு. அவ்வளவுதான். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்க மன்னர் அவையில் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் போட்ட கணக்கு இது. ராகத்தின் பெயரிலேயே எண்ணை ஒளித்துவைத்த கடபயாதி ஏற்பாடு பிறகு வந்தது. மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, திருப்பிப்போட்டால் பதினைந்தாவது மேளம். ஆனால் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுபவர் தவிப்பார். ஒரே 'க' என்ற எழுத்துக்குள் நான்கு ஒலிகள் இருப்பதும், நான்குக்கும் வெவ்வேறு எண் என்பதும் காரணம். கரகரப்ரியா இருபத்திரண்டாவது என்று தெரியவேண்டுமானால் அந்த முதல் 'க' இரண்டாவது க என்பது தெரிந்திருக்கவேண்டும்.

தஞ்சையில் எழுதப்பட்ட இந்த நூல் மராட்டிய மண்ணுக்குப் பயணமான கதைதான் புனேத் தமிழர்கள் அவசியம் அறியவேண்டியது. பம்பாயில் வக்கீலாக இருந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டேக்கு, ஹிந்துஸ்தானி இசைக்கு ஓர் இலக்கணம் எழுதவேண்டும் என்ற வெறி. உஸ்தாத்கள் அற்புதமாகப் பாடினார்கள், ஆனால் ஏன் இப்படி என்று கேட்டால் 'என் குரு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1904-ல் பாத்கண்டே தெற்கே ரயிலேறினார். சென்னை, தஞ்சை, மதுரை என்று சுற்றி, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். முத்துசுவாமி தீட்சிதர் குடும்பத்தின் வாரிசு. அதே 1904-ல்தான் அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகி வெளிவந்தது. வேங்கடமகியின் நூல் பாத்கண்டேயின் கைக்கு வந்தது. (காந்தி லண்டனில் மூன்று மாதத்தில் கைவிட்ட அதே வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுபவர் சுப்பராம தீட்சிதரைத் தத்தெடுத்த பாலுசுவாமி தீட்சிதர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.)

எழுபத்திரண்டில் வடக்கே புழக்கத்தில் உள்ளதற்குப் பத்து போதும் என்று பாத்கண்டே முடிவு கட்டினார். அவைதான் பத்துத் தாட்கள். பிலாவல் நம் தீரசங்கராபரணம். கல்யாண் நம் மேசகல்யாணி. கமாஜ் ஹரிகாம்போதி. காஃபி கரகரப்ரியா. ஆசாவரி நடபைரவி. பைரவ் மாயாமாளவகௌளை. பூர்வி காமவர்த்தனி. மார்வா கமனச்ரம. மீதி இரண்டில்தான் கண்ணிவெடி. அவர்களுடைய பைரவி நம் தோடி. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளி. 'தோடி பாடு' என்று புனேயில் கேட்டால் தமிழ்ப் பிள்ளை சுத்த மத்தியமத்தைப் பிடிக்கும், ஆசிரியர் நெற்றியைச் சுருக்குவார். இருவர் சொல்வதும் சரி. அதேபோல மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். அவர்களுடைய ஹிண்டோல் வேறு சரக்கு. பூப் என்றால் மோகனம், துர்கா என்றால் சுத்தசாவேரி என்பதெல்லாம் சுலபமான வரவு.

தாட்டும் ராகமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். தாட்டு அல்லது மேளம் என்பது அகராதியில் எழுத்து வரிசை. ராகம் என்பது பேச்சு. ஒரே சுரங்களை வைத்துக்கொண்டு இரண்டு ராகங்கள் முற்றிலும் வேறு ஆட்களாக நிற்கும். எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டும் தொடாமலும் போவது, எதை அசைப்பது என்பதில் இருக்கிறது வித்தியாசம். அதை எந்த அட்டவணையும் சொல்லித்தராது. எழுபத்திரண்டையும் ஒப்பிக்கத் தெரிந்து ஒரு மோகனம் பாடத் தெரியாத பிள்ளைகளை நாம் போட்டி மேடைகளில் பார்த்திருக்கிறோம்.

தாளத்தில் கை பேசுகிறது. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. தீன்தாலுக்குப் பதினாறு மாத்திரை, நாலு நாலாக. இரண்டிலும் கையை வீசுகிறோம், ஆனால் வீச்சின் பொருள் வேறு. தீன்தாலில் ஒன்பதாவது மாத்திரையில் வரும் வீச்சுக்குக் 'காலி' என்று பெயர், வெறுமை என்று பொருள். அந்த இடத்தில் தபலாவின் கனத்த இடதுகை ஒலி அடங்கிவிடும். கேட்பவருக்குச் சுற்றில் பாதி வந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும். நம் கச்சேரியில் முன்வரிசைக்காரர்கள் தொடையில் தாளம் போடுவார்கள். புனேயின் சவாய் கந்தர்வ விழாவில் தலை ஆடும், கை பெரும்பாலும் சும்மா இருக்கும். தபலாவே அந்த வேலையைச் செய்துவிடுவதால்.

எழுதும் முறையிலும் புனேப் பிள்ளைகளுக்கு இரண்டு பாடம். பலூஸ்கருக்கு ஒரு குறியீட்டு முறை, பாத்கண்டேக்கு ஒன்று. பாத்கண்டே முறை எளிது. கோமள சுரத்துக்கு அடியில் கோடு, தீவிர மத்தியமத்துக்குத் தலையில் நிமிர்ந்த கோடு, மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, ஒரு மாத்திரைக்குள் பல சுரம் வந்தால் அடியில் ஒரு வளைவு. பதினைந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். அதனாலேயே பரவியது.

இந்தப் பரவலுக்கு ஒரு விலை இருந்தது. அதை இப்போது இசை வரலாறு எழுதுபவர்கள் மறைப்பதில்லை. பலூஸ்கருக்கும் பாத்கண்டேக்கும் முன் இசை என்பது பெரும்பாலும் முஸ்லிம் உஸ்தாத்களின் கரானாக்களிலும் தவாயிஃப் பெண்களின் வீடுகளிலும் இருந்தது. பள்ளிக்கூடமும் பாடப்புத்தகமும் வந்ததும் நடுத்தர வகுப்பு இந்து வீட்டுப் பெண் தைரியமாகப் பாட முடிந்தது. அதே நேரத்தில், எழுதப் படிக்கத் தெரியாத மேதைகள் 'சாஸ்திரம் அறியாதவர்கள்' ஆகிப்போனார்கள். பாத்கண்டேயின் எழுத்தில் அந்த ஏளனம் தெரியத்தான் செய்கிறது. நம் பக்கத்திலும் இதே காலத்தில் தேவதாசி மரபுக் குடும்பங்களுக்கு நடந்தது வேறல்ல. ஆனாலும், கரானாவில் பிறக்காத ஒரு பிள்ளை சந்தாக் கட்டி வகுப்பில் உட்கார முடிவது இந்த இருவரால்தான் என்பதையும் மறுக்க முடியாது. புனேயிலேயே பலூஸ்கரின் சீடர் விநாயகராவ் பட்வர்தன் 1932-ல் ஒரு காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். அதற்கு வெகுமுன்பே, 1874-ல், பூனா காயன் சமாஜ் என்ற சங்கம் இங்கே உருவாகி, 1883-ல் சென்னையில் ஒரு கிளையும் கண்டது. புனேயிலிருந்து பாட்டு கற்றுத்தர ஒரு சங்கம் சென்னைக்கு வந்திருக்கிறது என்பது மியூசிக் அகாடமிக் கர்வக்காரர்கள் கொஞ்சம் ஜீரணிக்கவேண்டிய செய்தி.

எதில் ஆரம்பிப்பது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. கர்நாடகத்தில் புரந்தரதாசர் பெயரால் வழங்கும் வரிசைப்படி மாயாமாளவகௌளையில் தொடக்கம். ரியும் த-வும் கீழே, கவும் நியும் மேலே. நெருக்கமும் இடைவெளியும் மாறி மாறி வருவதால் காதும் தொண்டையும் சீக்கிரம் கூர்மையாகும். ஹிந்துஸ்தானியில் பிலாவலின் சுத்த சுரங்களில் தொடக்கம். ஐரோப்பியனின் மேஜர் ஸ்கேலும் அதுதான். வெள்ளைக்காரனின் பாண்டு வாத்திய மெட்டுகளை முத்துசுவாமி தீட்சிதர் சங்கராபரணத்தில் நோட்டு சாகித்யங்களாகப் பாடிவைத்தது அந்தக் கதவு திறந்தே இருப்பதால். எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் மாடி ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காமல், ஒன்றில் வர்ணம் வரை அல்லது ஒரு சின்ன கயால் வரை போய்விட்டு மற்றதன் வாசலுக்கு வந்தால், முதல் ஆறு மாதம் மொழிபெயர்ப்பிலேயே போகாது. சாஸ்திரப் புத்தகத்தையும் அதுவரை மூடி வைக்கலாம். பாடித் தெரிந்த சுரத்துக்குப் பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை. பெயரை வைத்துக்கொண்டு சுரத்தைத் தேடுவது வருஷக்கணக்கு.

காந்தி 1931 டிசம்பரில் ஐரோப்பாவில் ரோலந்தின் வீட்டில் தங்கியிருந்தபோது, ரோலந்து பியானோவில் அவருக்குப் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். மீராபென்னும் அந்தப் பயணத்தில் உடனிருந்தார். காந்தி மொழிபெயர்த்த பஜனைகள் ஜான் ஹோய்லண்டின் கைவண்ணத்தில் 1934-ல் லண்டனில் புத்தகமாயின. மீராபென் 1942 ஆகஸ்டில் காந்தியோடு மறுபடி ஏரவாடாவுக்கே வந்தார், இம்முறை ஆகாகான் அரண்மனைக்குக் கைதியாக. மகாதேவ் தேசாய், கஸ்தூரிபா இருவருடைய மரணத்தையும் அங்கே பார்த்தார்.

1959-ல் அவர் இந்தியாவைவிட்டுப் போனார். வியன்னாவுக்குப் பக்கத்தில், பீத்தோவன் உலவிய காடுகளின் ஓரம் ஒரு வீடு எடுத்துக்கொண்டு, இளமையில் விட்ட இடத்திலிருந்து அந்த இசையை மறுபடி கேட்கத் தொடங்கினார். 1982-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். பீத்தோவனைப் பற்றி அவர் எழுதிவைத்த கையெழுத்துப்படி 1999-ல் புத்தகமாக வந்தது. வெளியிட்டது மதுரையில் உள்ள ஒரு காதி நண்பர்கள் குழு.